ஹட்சர்சன் மறைந்த ஆகஸ்ட்

17 ஆகஸ்ட் 2016, புதன்

ஜாஸ் இசையில் வைப்ரஃபோன் (கோல்களால் தட்டும் உலோகப் பட்டைக் கருவி) வாசித்த பாபி ஹட்சர்சன் காலமாகிவிட்டார். திங்கட்கிழமை, கலிஃபோர்னியாவில் மாண்டாரா என்ற கடலோர ஊரில், தம் வீட்டிலேயே. வயது 75. பல ஆண்டுகளாக எம்பிசிமா என்ற நுரையீரல் நோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த வாரம் நான் எங்குமே பார்க்க விரும்பாத சொல் அது.

18 ஆகஸ்ட், வியாழன்

அஞ்சலிக் குறிப்புகளை எல்லாம் படித்துவிட்டேன். அவர் பெயரில் வந்த இசைத்தட்டுகளை வரிசையாகச் சொல்கிறார்கள். 2010இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் ‘ஜாஸ் மாஸ்டர்’ என்று கௌரவித்ததைச் சொல்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை, ஏனென்றால் ஹட்சர்சனின் மேன்மை முழுவதும் தெரிவது அவர் பிறருக்குப் பக்கவாத்தியமாக நின்ற இடங்களில்தான் என்று நெடுநாளாக நம்புகிறேன். 1963 ஏப்ரலில் சாக்சஃபோன் கலைஞர் ஜாக்கி மக்லீன் ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ தட்டைப் பதிவு செய்தபோது குழுவில் பியானோ இல்லை. பியானோ இருந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ஒரு தளம் போட்டுக்கொண்டே போகும். முன்னால் நின்று வாசிப்பவனுக்கு அது துணை, சில சமயம் விலங்கு. அந்த இடத்தில் 22 வயது ஹட்சர்சனை நிறுத்தினார்கள். அவர் தளம் போடவில்லை. நான்கு கோல்களால் ஒரு சுரக்கூட்டைத் தட்டிவிட்டு அதைக் காற்றில் தொங்கவிட்டார்; அடுத்ததைத் தட்டும்வரை மக்லீன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், 17 வயது. இந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து பெரியவர்களுக்கு வழியைத் திறந்துவிட்டார்கள்.

19 ஆகஸ்ட், வெள்ளி

அண்ணன் இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

20 ஆகஸ்ட், சனி

இன்று பரவாயில்லை. இட்லி சாப்பிட்டார். மதியம் நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தபோது ‘பெம்ஷா ஸ்விங்’ கேட்டேன். மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க், மில்ட் ஜாக்சன் ஆகியோர் 1954 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பதிவு செய்தது. பாசடீனா நகரில் தெருவில் நடந்துகொண்டிருந்த சிறுவன் ஹட்சர்சன் ஒரு கடையிலிருந்து இதைக் கேட்டுத்தான் நின்றான். ஜாக்சனின் வைப்ரஃபோன் அவனைப் பிடித்துக்கொண்டது. தந்தை கொத்தனார், கோடை விடுமுறையில் அவரோடு செங்கல் வேலைக்குப் போய்க் காசு சேர்த்துத்தான் சொந்தமாக ஒரு வைப்ரஃபோன் வாங்கினான்.

தெருவில் காதில் விழுந்த ஒரு பாட்டுக்காகக் கோடை வெயிலில் செங்கல் சுமக்கத் துணிந்த அந்த மனத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் யாரும் அவனைத் தடுக்கவில்லை என்பதையும்.

21 ஆகஸ்ட், ஞாயிறு

மிதிகட்டையைப் பற்றியே நினைவு ஓடுகிறது. வைப்ரஃபோனில் அலுமினியக் கலவையில் செய்த 37 பட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய். குழாயின் வாயில் ஒரு சிறு தகடு மோட்டாரால் சுழன்று திறந்தும் மூடியும் ஒலியை அலையச் செய்கிறது. ஜாக்சன் அந்த மோட்டாரின் வேகத்தைக் குறைத்துத்தான் மனிதக் குரல் போன்ற அசைவைக் கொண்டுவந்தார். ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது காலடியில் உள்ள மிதிகட்டை. அதை மிதிக்காதவரை ஃபெல்ட் ஒட்டிய ஒரு சட்டம் பட்டைகளை அழுத்திப் பிடித்திருக்கும். தட்டினால் ‘டக்’ என்று அறுந்துவிடும். மிதித்தால் கார்வை கிடைக்கும். கையால் பிறக்கும் சுரத்தின் ஆயுள் காலிடம் இருக்கிறது.

‘ஹாப்பெனிங்ஸ்’ தட்டில் ‘பூக்கே’ என்ற மெதுவான உருப்படியைக் கேட்டால் இது விளங்கும். ஹெர்பி ஹான்காக்கின் பியானோ அடங்கிய பிறகும் ஹட்சர்சனின் சுரம் மெலிந்துகொண்டே நிற்கிறது. எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’ தட்டிலோ இதே மனிதர் கார்வையை வெட்டிவிட்டு, உலோகத்தின் வறண்ட ஓசையை எதிர்பாராத இடங்களில் எறிகிறார். எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

இரவு 2 மணி. இருமல் நின்றிருக்கிறது. நின்றதும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

23 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று பெல்ஜியத்தில் டூட்ஸ் தீல்மான்ஸும் போய்விட்டார். ஹார்மோனிகா. ஊதியும் உறிஞ்சியும் வாசிக்க வேண்டிய கருவி; அவருக்கு வயது 94. ஒரு மூச்சும் வேண்டாத கருவியை வாசித்தவருக்கு நுரையீரல் கெட்டது.

24 ஆகஸ்ட், புதன்

1967ஐப் பற்றிப் படித்ததில் கோபம் தணியவில்லை. மது விற்கும் விடுதிகளில் வாசிக்க அன்று நியூயார்க்கில் காவல்துறை தரும் ஓர் அட்டை வேண்டும். சென்ட்ரல் பார்க்கில் கஞ்சா வைத்திருந்ததாக ஹட்சர்சனையும் டிரம்ஸ் கலைஞர் ஜோ சேம்பர்ஸையும் பிடித்தார்கள்; ஹட்சர்சனின் அட்டை பறிபோனது. அவர் கலிஃபோர்னியாவுக்கே திரும்பினார். அதே ஆண்டில் அந்த அட்டை முறையையே நகரம் ஒழித்துவிட்டது. மேற்குக் கரையில் சாக்சஃபோன் கலைஞர் ஹெரால்ட் லேண்டோடு அவர் செய்த இசை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கில் அந்தக் கூட்டம் இன்னும் ஐந்து ஆண்டு ஒன்றாக இருந்திருந்தால் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

26 ஆகஸ்ட், வெள்ளி

ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் நேற்று இறந்துவிட்டார். 91 வயது.

ஹட்சர்சனை அவர் பதிவு செய்த தட்டுகளைத்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’, ‘அவுட் டு லஞ்ச்’, ‘டயலாக்’, ‘ஹாப்பெனிங்ஸ்’ எல்லாமே நியூஜெர்சியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் அவர் கட்டிய அந்த உயர்ந்த மரக்கூரையின் கீழ் பதிவானவை. 1959இல் அதைக் கட்டும்வரை அவர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுப்பவர். மற்ற நேரத்தில் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு முன்கூடத்தில் ஒலிப்பதிவு. பிற்பகலில்தான் உறைத்தது: பாசடீனா தெருவில் சிறுவன் கேட்ட அந்த ‘பெம்ஷா ஸ்விங்’ பதிவானதும் அதே முன்கூடத்தில்தான். கண்ணாடி எழுதிக்கொடுப்பவர் ஒருவரின் வீட்டு ஹாலில் பிடிக்கப்பட்ட ஜாக்சனின் கார்வை நாட்டின் மறுகோடிக்குப் போய் ஒரு பையனைச் செங்கல் சுமக்க வைத்து, பத்து ஆண்டுக்குள் அவனை அந்த மனிதரின் ஒலிவாங்கிகளுக்கு எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இருவரும் பத்து நாள் இடைவெளியில் போய்விட்டார்கள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணனிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். “அந்த ஹால் இப்ப இருக்கா?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

27 ஆகஸ்ட், சனி

மூச்சு கொஞ்சம் சீராக இருந்ததால் இயர்போனைக் கழற்றிவிட்டு ‘டயலாக்’ தட்டை அறையிலேயே ஓடவிட்டேன். 1965இல் ஹட்சர்சன் தலைமையில் வெளிவந்த முதல் தட்டு. ஆனால் அதில் ஒரு உருப்படிகூட அவர் எழுதியதில்லை, எல்லாம் ஆண்ட்ரூ ஹில்லும் ஜோ சேம்பர்ஸும் எழுதியவை. தம் பெயர் அட்டையில் முதன்முறையாக வரும்போதும் பிறர் பாட்டுக்கு இடம் கொடுத்து நின்றவர்.

பத்து நிமிடம் பொறுத்து அண்ணன் கேட்டார்: “உன் ஆள் எப்பதான்டா வாசிப்பாரு?”

“வாசிச்சுக்கிட்டுதான்ணே இருக்காரு.”

அதற்குமேல் பேசாமல் கேட்டார். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

மீண்டும் மோசம். எதுவும் கேட்கவில்லை.

30 ஆகஸ்ட், செவ்வாய்

2004இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய எஸ்.எஃப். ஜாஸ் கலெக்டிவ் குழுவின் முதல் வைப்ரஃபோன் கலைஞர் அவர்தான். அவர் விலகிய பிறகு அந்த இடத்துக்கு ஸ்டெஃபான் ஹாரிஸ் வந்தார், இப்போது வாரன் வுல்ஃப் வாசிக்கிறார். வுல்ஃபின் கை அசுர வேகம். ஜாக்சனின் சாயலும் தெரிகிறது. ஆனால் பின்னால் நின்று பிறருக்கு வாசிக்கும்போது ஒரு சுரக்கூட்டைப் போட்டுவிட்டுக் கோல்களைத் தூக்கி வைத்துக் காத்திருக்கிறாரே, அது ஹட்சர்சனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

‘காம்போனென்ட்ஸ்’ மிச்சமிருக்கிறது. முதல் பக்கம் முழுவதும் ஹட்சர்சனே எழுதியவை, மகனுக்காக எழுதிய ‘லிட்டில் பீஸ் போயம்’ உட்பட. காலை 7 மணிக்கு அண்ணனை ஸ்கேனுக்கு அழைத்துப்போக வேண்டும். 6 மணிக்கே எழுந்தால் அந்தப் பக்கத்தை அவரோடு சேர்ந்து கேட்டுவிடலாம்.