யார்க்‌ஷயரில் ஒரே நாளில் மூன்று சிகரம்: சேற்றுக்கும் துணைக்குமான குறிப்புகள்

வட இங்கிலாந்தின் மூன்று மலைகள்: பென்-இ-கென்ட் (694 மீ), வெர்ன்சைடு (736 மீ), இங்கிள்பரோ (723 மீ). ஹார்ட்டன் கிராமத்தில் தொடங்கி இடஞ்சுழியாகச் சுற்றித் திரும்பினால் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்குள் முடிப்பது வழக்கமான இலக்கு.

உயரத்தைவிடச் சேறுதான் ஆளைத் தளர்த்தும். புல்லுக்கடியில் பாசி மக்கிய பீட் மண். மழைநீரைப் பிடித்துவைத்து விடாது. ஓரம் ஒதுங்காதீர்கள்: பாதை அகன்று புல் அழிகிறது, அங்கேதான் முழங்கால்வரை புதையவும் நேரும். கல்பலகை பாவியிருந்தால் அதிலேயே நடங்கள். கணுக்கால் மூடும் பூட்ஸ், மேலே கெய்ட்டர் (பூட்ஸுக்குள் சேறு புகாமல் கீழ்க்காலை மூடும் உறை). ரிபிள்ஹெட் ரயில் பாலத்தருகே காலுறை மாற்றுங்கள். ஈரத் தோல்தான் முதலில் கொப்பளிக்கும். சேற்றுக் காலோடு சுண்ணாம்புக்கல்லை மிதித்தால் வழுக்கும்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கடைசியில் வந்தால், அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்புவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. இது நான் விட்டுக்கொடுக்காத விதி.

இங்கிள்பரோ உச்சி அகன்ற சமதளம். மூடுபனியில் எல்லாத் திசையும் ஒன்றுபோலிருக்கும். ஏறிய வடகிழக்கு விளிம்புக்கே திசைகாட்டி பார்த்துத் திரும்பி, சற்று இறங்கியதும் வலப்பக்கம் பிரியும் ஹார்ட்டன் பாதையைப் பிடியுங்கள். தலைவிளக்கு ஆளுக்கொன்று.