விலங்கியல் வகுப்பும் மூளையின் சக்திக் கணக்கும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த ஆசிரியர், கரும்பலகை நிறைய ஒரு நரம்புக்கலத்தை நிறவெண்கட்டிகளால் வரைவார். அதனைச் சூழ்ந்துள்ள துணைக் கலங்களைப் பற்றி ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார். பரீட்சைக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. புலம்பெயர்ந்து வந்து, மருத்துவமனை ஒன்றில், கதிரியக்க மருந்தைச் செலுத்தி உடலின் சக்தி நுகர்வைப் படமாக்கும் பெற் ஸ்கான் எடுக்கும் தொழிலில் அமர்ந்த பின்னரே அக்கலங்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இத்தனை பெரிய செலவாளியிடம் சேமிப்பென்று சொல்லத்தக்கதாக அதிகம் இல்லை. ஈரலோடும் தசையோடும் ஒப்பிட்டால் மூளையிலுள்ள கிளைக்கோசன், அதாவது சேமித்து வைத்த குளுக்கோசு, மிகச் சொற்பம்; அதுவும் பெரும்பாலும் அஸ்ட்ரோசைற் எனப்படும் விண்மீன் வடிவத் துணைக் கலங்களுக்குள்ளேயே இருக்கிறது. இவை ஒரு பக்கத்தில் மயிர்த்துளைக்குழாய்களைத் தம் கிளைமுனைகளால் போர்த்தும். மறுபக்கத்தில், நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் இடங்களான நரம்பிணைப்புகளை மெல்லிய இழைகளால் சூழ்ந்திருக்கும்.

இந்த அமைப்பின் பொருளை விளக்கும் கருதுகோள் ஒன்றை, சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய லூக் பெலரினும் பியர் மஜிஸ்ட்ரெட்டியும் 1994இல் முன்வைத்தனர். நரம்பிணைப்பில் வெளிவிடப்படும் செய்திகடத்தும் இரசாயனமான குளூட்டமேற், தேங்கினால் நரம்புக்கலங்களுக்கே நஞ்சாகும் என்பதால், அஸ்ட்ரோசைற்றுகள் அதனை உடனுக்குடன் உள்ளெடுக்கின்றன. ஒரு குளூட்டமேற்றுடன் மூன்று சோடியம் அயன்களும் உள்ளே வருகின்றன. அவற்றை வெளியேற்ற, கலங்களுக்குச் சக்தியளிக்கும் மூலக்கூறான ஏ.ரி.பி. ஒன்று, குளூட்டமேற்றைக் குளூட்டமினாக மாற்ற இன்னோர் ஏ.ரி.பி. செலவாகிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு, ஒட்சிசன் இன்றி உடைக்கப்படும் கிளைக்கோப்பகுப்பில் தரும் தேறிய விளைவும் இரண்டு ஏ.ரி.பி.தான் என்பது நாங்கள் மனனம் செய்திருந்த கணக்கு. அது இங்கே இவ்வளவு அச்சொட்டாகப் பொருந்துவதைக் கண்டபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. எஞ்சும் லக்ரேற், நரம்புக்கலத்துக்குச் சென்று, சக்தியை உண்டாக்கும் அதன் இழைமணிகளில் ஒட்சியேற்றப்படுகிறது என்பது அவர்களது வாதம். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில், களைப்பைத் தரும் கழிவென்று மட்டுமே நாங்கள் அறிந்திருந்த பொருள் இது!

இதனை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நரம்புக்கலங்களுக்கும் குளுக்கோசை நேரடியாக உள்ளெடுக்கும் காவிப் புரதங்கள் உண்டு. எவ்வழியில் எவ்வளவு என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆயினும் மூளைப் பட ஆய்வாளர்களான பீட்டர் ஃபொக்ஸும் மார்க்கஸ் ரெய்கலும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட அளவீட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கண்களுக்குத் தூண்டலளித்தபோது பார்வைப் புறணியின் குளுக்கோசு நுகர்வு ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது. ஒட்சிசன் நுகர்வோ ஏறத்தாழ 5 சதவீதமே கூடியது. அதாவது, கூடுதல் குளுக்கோசின் பெரும்பகுதி ஒட்சிசன் இன்றியே உடைக்கப்பட்டிருக்கிறது; கருதுகோள் சொல்வதும் அதைத்தான். கருதுகோளின் பக்கம் சாய்பவன் நான் என்பதை மறைக்கவில்லை.

எனது தொழிலோடு இது நேரடியாகத் தொடர்புபடுகிறது. புளோரீன்-18 ஏற்றப்பட்ட, குளுக்கோசை ஒத்த மருந்தை நோயாளியின் நாளத்தில் செலுத்திவிட்டு, பேச்சோ வாசிப்போ இன்றி மங்கலான அறையில் அவரைப் படுக்க வைக்கிறோம். பின்னர் திரையில் ஒளிரும் நிறங்களை நரம்புக்கலங்களின் உழைப்பென்றே நெடுங்காலம் வாசித்து வந்தார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்விலோ, அஸ்ட்ரோசைற்றுகளின் குளூட்டமேற் உள்ளெடுப்பைத் தூண்டும் செஃப்ற்றியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, அதே ஒளிர்வு கூடியது. மறதிநோயாளர் ஒருவரின் மூளையில் சுவர்ச் சோணை என்ற பகுதி மங்கித் தெரியும்போது, நரம்புக்கலங்கள் மடிந்தனவா, துணைக் கலங்கள் தளர்ந்தனவா என்பதைப் படம் மட்டும் பிரித்துச் சொல்லாது. அறிக்கை எழுதும் மருத்துவர்களோடு தேநீர் இடைவேளைகளில் நான் ஓயாமல் வாதிடும் விடயம் இதுவே.