'ஒன்றும் ஆகாது' என்று எத்தனை முறை சொல்வது?

ஓயாத கவலையும் பதற்றமும் உள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சையில், முதல் சந்திப்பு முடிந்ததும் பெற்றோருக்கு ஒரு சின்ன வேலை கொடுப்போம். பிள்ளை ஒரே கவலையை ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறது, அதற்கு நீங்கள் எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள் என்று ஒரு வாரம் தாளில் கோடு போட்டு வாருங்கள். "ஐந்தாறு தடவை இருக்கும்" என்று சொல்லிப் போனவர்கள், தாளோடு திரும்பும்போது கொஞ்சம் அரண்டுபோய்த்தான் வருவார்கள். 'நாளைக்கு டீச்சர் திட்டுவாங்களா?', 'எனக்குக் காய்ச்சல் அடிக்குதா, தொட்டுப் பாருங்க', 'நீங்க பத்திரமா வந்துடுவீங்கல்ல?' கேள்விகள் பல. பதில் ஒன்றுதான்: ஒன்றும் ஆகாது.

அந்தப் பதில் ஐந்து நிமிடம் தாங்கும். பிறகு மறுபடியும் கேள்வி. கிடைத்த நிம்மதியே 'அம்மா சொன்னால்தான் பயம் போகும்' என்று பிள்ளைக்குப் பழக்கிவிடுகிறது. தவிர்ப்பதும் அப்படித்தான். ஒரு விழாவுக்குப் போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. அடுத்த விழா அதைவிடப் பெரிய பூதம். பிள்ளைக்குப் பதிலாக நாமே பேசுவது, தூங்கும்வரை பக்கத்தில் படுப்பது, ஆசிரியரிடம் சொல்லி மேடைப் பேச்சைத் தள்ளிப்போடுவது, இவையெல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் பதற்றத்துக்கு இதுதான் தீனி. பிள்ளைகளின் பதற்றத்துக்காக யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் வகுத்த 'ஸ்பேஸ்' சிகிச்சையில் பிள்ளை வருவதே இல்லை, பெற்றோர் மட்டும்தான். 7 முதல் 14 வயதுவரையான 124 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2020இல் அச்சான ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாகத் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) அது சளைக்கவில்லை.

அதனால் பதிலை மாற்றச் சொல்கிறோம். அதில் இரண்டு பாதி இருக்க வேண்டும்: "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது கண்ணா. உன்னால இதைத் தாங்க முடியும்னும் தெரியுது." முதல் பாதியை மட்டும் சொன்னால் பயம் உறுதியாகிறது, இரண்டாவதை மட்டும் சொன்னால் பிள்ளைக்கு அது அதட்டலாகக் கேட்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு முறைதான் விளக்கம். அடுத்த முறை, "இதுக்குப் பதில் சொல்லியாச்சு. இப்ப கேக்கறது உன் கவலை." அதோடு நிறுத்த வேண்டும். இந்த மாற்றத்தைப் பதற்றமில்லாத நேரத்தில் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். திடீரென்று வாயை மூடிக்கொள்வது தண்டனைபோலத் தெரியும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது முதல் சில நாட்களில். கேள்விகள் குறைவதற்கு முன் கூடும், அழுகை கூடும். எட்டாவது முறை கேட்கும்போது மனமிரங்கிப் பதில் சொன்னால், எட்டு முறை கேட்டால் கிடைக்கும் என்பதுதான் பாடம். வீட்டில் அம்மா உறுதியாக நிற்க, தாத்தா ரகசியமாக ஆறுதல் சொல்வதும் இதே கதைதான்.

பயத்தைப் படிப்படியாக நெருங்குவது அடுத்த வேலை. தனியாகத் தூங்கப் பயப்படும் பிள்ளை என்றால்: முதலில் கட்டிலோரம் நாற்காலி, பிறகு அறையின் நடுவில், பிறகு வாசலில், பிறகு கதவுக்கு வெளியே உட்கார்ந்து 5 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பது, பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு படிக்கும் மூன்று நான்கு இரவுகள். பிள்ளையே பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடட்டும். 3 அல்லது 4 உள்ள படியில் தொடங்குங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது அங்கிருந்து கூட்டிவந்துவிட்டால் மொத்தமும் பாழ், கொஞ்சமாவது இறங்கும்வரை இருக்க வேண்டும். ஒரு நல்ல இரவைப் பார்த்துவிட்டு இரண்டு படி தாவுவதும் வேண்டாம். வாரம் ஒரு முறை செய்தால் ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

ஒரு எச்சரிக்கை. பள்ளிக்குப் போகப் பயம் என்றால், அங்கே யாராவது சீண்டுகிறார்களா, எழுத்தைப் படிப்பதிலேயே சிரமமா என்று முதலில் விசாரியுங்கள். நிஜமான ஆபத்தைப் பழகச் சொல்வது சிகிச்சை ஆகாது. வயிற்றுவலியையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கவலையில் வரும் வலியும் வலிதான், நடிப்பில்லை.

மூச்சுப் பயிற்சியை அநேகமாக எல்லோருமே தப்பாகச் சொல்லித்தருகிறார்கள். "நல்லா இழுத்து விடு" என்றால் பிள்ளை வேகவேகமாக, பெரிதாக இழுக்கும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் இரட்டிப்பாகும். மெதுவாக விடுவதில்தான் விஷயம். 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை வாயால் விடுவது, 5 நிமிடம், தினம் இரண்டு வேளை, அதுவும் அமைதியாக இருக்கும்போது. புயலில் நீச்சல் கற்க முடியாது. சின்னப் பிள்ளைக்கு வயிற்றின்மேல் ஒரு பொம்மையை வைத்து ஏறி இறங்கச் செய்யலாம். சோப்புக் குமிழி ஊதினாலே பாதி வேலை முடிந்தது.

பதின்வயதினரை எதிரில் உட்காரவைத்து "என்ன பிரச்சினை, சொல்லு" என்றால் வாயே திறக்க மாட்டார்கள். பாத்திரம் துலக்கும்போது, வண்டியில் போகும்போது, கண் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். வந்தால் உடனே தீர்வு சொல்லாதீர்கள். "யோசனை வேணுமா, கேட்டுக்கிட்டா போதுமா?" என்று கேளுங்கள்.

தூக்கம் கெட்டால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. பருவ வயதில், தூக்க நேரத்தை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குவதால் இரவு பதினொன்றுக்கும் கண் மூடாது. சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. எழும் நேரத்தை நிலையாக வையுங்கள், விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்குமேல் தள்ளக் கூடாது. காபியும் எனர்ஜி டிரிங்கும் மதியத்தோடு சரி. போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், பெற்றோருடையதும்தான். கவலைகளை எழுத மாலையில் 15 நிமிடம் ஒதுக்கலாம். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குமேல் சிரிப்பே இல்லை, எடை குறைகிறது, பள்ளிக்குப் போவது நின்றுவிட்டது, கையில் கீறல்கள், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. "ஆமாம்" என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல் முழுவதையும் கேளுங்கள். மாத்திரைகளையும் கூர்மையான பொருட்களையும் பூட்டிவையுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.