சனிக்கிழமைக்காரி

ஆகஸ்ட் 6, 2023, ஞாயிறு

அக்கா மகள் வந்து தங்கியிருக்கிறாள். அவர்கள் இருக்கிற பக்கம் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். இங்கே ரங்கூன் நடு ஊரில் முறை வைத்தாவது விடுகிறார்கள். வந்தவள் சும்மா இருக்கிறாளா? வீட்டில் ஒருவரை விடாமல் பிடித்து உட்காரவைத்து ஆளுமைச் சோதனை எழுதவைக்கிறாள். எல்லாம் கொரியத் தொடர் பார்த்து வந்த பழக்கம். கொரியாவில் முன்பு ரத்த வகையை வைத்துக் குணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது எம்.பி.டி.ஐ. என்கிற நான்கு எழுத்துக் குணப் பெயருக்கு மாறிவிட்டார்கள். இவள் ஐ.என்.எஃப்.பி.யாம். கனவு காண்கிற, மென்மையான, ஒதுங்கியிருக்கிற ரகம். யாராவது போன் பண்ணினால் எடுக்கமாட்டாள். கேட்டால் "ஐ.என்.எஃப்.பி. அப்படித்தான் சித்தி" என்கிறாள். லீவு லெட்டர் மாதிரி அதை நீட்டுகிறாள்.

போனில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஏழு வட்டம். ஒரு ஓரம் பச்சை, ஆமாம். மறு ஓரம் ஊதா, இல்லை. நான் நடு வட்டத்தையே தொட்டுக்கொண்டு போனேன். "அப்படித் தொட்டா உங்களுக்கு ஒண்ணுமே வராது" என்று அதட்டினாள். சரி என்று ஓரங்களுக்குப் போனேன். கடைசியில் வந்தது ஈ.எஸ்.டி.ஜே. நாலு பேரை வேலை வாங்குகிறவள், ஒழுங்கு பார்க்கிறவள், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவள்.

அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கு எதுக்குடி போனு? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி எழுதிப் பார்த்தேன். ஐ.எஸ்.எஃப்.ஜே. அமைதியானவள், அடுத்தவர் மனம் நோகாமல் நடப்பவள், பின்னால் நின்று வேலையை முடித்துக் கொடுப்பவள். ஒரே ஆள், ஒரே போன், இடையில் ஒரே ஒரு திங்கட்கிழமை.

காரணம் தெரியாமல் இல்லை. விருந்துக்குப் போனால் புதியவர்களிடம் நீங்களே போய்ப் பேசுவீர்களா என்கிற மாதிரி ஒரு கேள்வி வருகிறது. யார் வீட்டு விருந்து என்று அது கேட்பதே இல்லை. நம் ஆட்கள் கல்யாணம் என்றால் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுவதிலிருந்து பந்தியில் யாருக்கு ரசம் வரவில்லை என்று கத்துவது வரை நான்தான். ஆபீஸ் விருந்தில் பர்மியர்கள் நடுவே ஓரமாக உட்கார்ந்து, சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்து, முதலில் கிளம்புகிற ஆளும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி பதில் சொன்னாள், இன்றைக்குக் கணக்குப் பிரிவு அம்மா பதில் சொன்னாள். இதில் எது வேஷம் என்று கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த அமைதி எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. கத்துவதும் பிடித்திருக்கிறது.

ராத்திரி இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். வேர் கார்ல் யுங் என்கிற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர். 1921-ல் மனித வகைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாளும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் சேர்ந்து உண்டாக்கியதுதான் அசல் பரிசோதனை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போய்விட, புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவும் என்று மகள் இதில் இறங்கினாராம். இருவருமே உளவியல் முறையாகப் படித்தவர்கள் இல்லை. மகள் துப்பறியும் நாவல் எழுதியவர். இந்த ஒரு செய்தியால் எனக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது. நான்கு எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டால் பதினாறு வகை, மொத்த உலகத்தையும் பதினாறு சந்தேக நபர்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

உறுத்துவது வேறு இடம். உயரத்தைப் போலத்தான் குணமும். பெரும்பாலோர் நடுவில்தான் விழுகிறார்கள், கோடியில் நிற்பவர்கள் கொஞ்சம் பேர். சோதனையோ நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஐ, அதாவது உள்முகம், அந்தப் பக்கம் ஈ, அதாவது வெளிமுகம் என்று பெயர் வைத்துவிடுகிறது. கோட்டை ஒட்டி நிற்கிற ஆள் இரண்டு பதிலை மாற்றித் தொட்டால் அடுத்த ஜாதி. சில வாரம் கழித்து மறுபடி எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்கு ஏதாவது ஒரு எழுத்து மாறிவிடுகிறதாம். எனக்கு இரண்டு நாளிலேயே மாறியது. முழு உள்முகமான ஆள் என்று ஒருவரும் கிடையாது என்று யுங்கே சொல்லியிருக்கிறார், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஆடி வெள்ளி. ஆபீசுக்கு அரை நாள் போட்டுவிட்டு அனோரதா ரோடு காளி கோயிலுக்குப் போனோம். மழை. கோயில் கூட்டத்தில் செருப்பைத் தேடுகிற நேரத்தில் ஒருத்தியிடம் நான் சத்தம் போட, அம்மா அவளிடம் ரொம்ப சாவகாசமாக, "சனிக்கிழமை பொறந்தவ, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அந்தம்மாளும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பர்மாவில் அந்த நான்கு எழுத்தின் இடத்தில் பிறந்த கிழமை. பெயரின் முதல் எழுத்தே கிழமையைப் பார்த்துத்தான். பள்ளியில் எனக்கு இருந்த பர்மியப் பெயர் 'ந'வில் தொடங்குவதும் அதனால்தான். புதனை மட்டும் காலை, மாலை என்று இரண்டாக வெட்டி மொத்தம் எட்டு. ஞாயிறு கருடன், திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், புதன் காலை தந்தமுள்ள யானை, மாலை தந்தமில்லாத யானை, வியாழன் எலி, வெள்ளி கினிப்பன்றி, சனி நாகம். குணமும் உண்டு. பழைய கணக்கில் திங்கட்கிழமைக்காரன் பொறாமைக்காரன், செவ்வாய்க்கிழமைக்காரன் நேர்மையானவன், வியாழன் சாது, வெள்ளி வாயாடி, சனி முன்கோபி. நம் வீடுகளில் ராசி நட்சத்திரத்துக்கு மேல் இதையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அக்கா வியாழக்கிழமை. நான் தட்டை எறிந்தால் 'நாகம் சீறுது' என்று சிரிப்பார்கள். அக்கா முகத்தைச் சுளித்தால்கூட 'உனக்கு என்ன ஆச்சு, நீ இப்படி இல்லையே' என்பார்கள். கோபப்பட எனக்கு இருந்த லைசென்ஸ் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. மாமியார் வீட்டில் இத்தனை வருஷம் அவள் எதையும் எதிர்த்துப் பேசாமல் இருந்ததை எல்லாரும் சுபாவம் என்றே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சுபாவமாகத் தெரிந்ததே இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனோம். அங்கே ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. ஐ.என்.எஃப்.பி. திங்கட்கிழமைக்காரி, கிழக்கே புலி மூலைக்குப் போய் சிரத்தையாகத் தண்ணீர் ஊற்றினாள். வயசு எத்தனையோ அத்தனை கிண்ணம், கூட ஒன்று. நான் சனிக்கிழமை நாகத்தின் தென்மேற்கு மூலைக்குக் கிளம்பினேன். அப்போது அம்மா பேச்சுவாக்கில் சொன்னது: நான் பிறந்தது விடியற்காலை மூன்றரை மணிக்காம், மருத்துவச்சி வந்து சேர்வதற்குள்.

"அப்போ வெள்ளிக்கிழமைதானேம்மா?" பஞ்சாங்கத்தில் நாள் சூரியோதயத்துக்குத்தானே மாறும். ஜாதகம் எழுதுகிற எவரும் அதை வெள்ளி என்றுதான் போட்டிருப்பார். நள்ளிரவில் தேதியை மாற்றுகிற காகிதக் கணக்கில்தான் நான் சனி. பஞ்சாங்கப்படி பார்த்தால் வடக்கு மூலை, கினிப்பன்றி, வாயாடி.

அம்மா அரை நிமிஷம் யோசித்தாள். "வாயும் உனக்குக் கம்மியா என்ன" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தேன். அக்கா மகளுக்கு வந்த விவரத்தைத் தமிழில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், யாருடையது என்று சொல்லாமல். பிறரைப் புரிந்துகொள்வார், தன்னைப் பிறர் புரிந்துகொள்ளவில்லை என்று வருந்துவார், வெளியே தெரிவதைவிட உள்ளே ஆழமானவர். அம்மா முதலில் "உங்க அப்பா" என்றாள். அப்புறம் "இல்ல, நான்தான்" என்றாள். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுக்கொரு குணச் சீட்டு கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாச் சீட்டிலும் இருந்தது ஒரே வாசகம், கடையில் விற்கிற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்குத் தப்பா இருக்கலாம், எனக்குச் சரியாத்தான் வந்திருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 19, சனி

அக்கா வீட்டில் ரகளை. கரண்ட் வந்ததும் மேல் மாடிக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார், தொட்டி வழிந்து அக்கா சமையலறைச் சுவரெல்லாம் ஈரம், அரிசி மூட்டையே நனைந்துபோச்சு. பல மாசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நேற்று மாடிப்படியில் நின்று சுத்தமான பர்மியில் கேட்டிருக்கிறாள், கீழே கடைக்காரன் வரை வெளியே வந்து பார்த்தானாம். மேல் மாடிக்காரர் உடனே இறங்கி வந்து சுவருக்கு வெள்ளையடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குக் கவலை. "அவ தூங்கியே நாளாச்சு, பிரஷரைப் பார்க்கச் சொல்லு" என்கிறாள். அக்காவுக்குப் போன் போட்டேன். பிரஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறதாம். குரல் தெளிவாக இருந்தது. "இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி இருக்குடி" என்றாள். மேல் மாடிக்காரரிடமா, மாமியாரிடமா என்று நான் கேட்கவில்லை.

இங்கே இந்தப் பெண் நேற்று ராத்திரி மறுபடி சோதனை எழுதியிருக்கிறாள். ஈ.என்.எஃப்.பி. முகம் தொங்கிப்போயிருந்தது. மாற்றிப் போட்டுவிடேன் என்றேன். முடியாதாம், அவள் தோழிகள் எல்லாருக்கும் பழையதுதான் தெரியுமாம், ஒரே எழுத்துள்ளவர்கள் குழுவிலிருந்து வெளியே போகவேண்டியிருக்குமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்து முக்கால் மணி நேரம் பேசினாள்.