மாரிக்கு முதல் வராத காசு

மட்டக்களப்பில் மாகாணத் திணைக்களம் ஒன்றின் கணக்குக் கிளையில் முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து, என்னுடைய வருடம் ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இரவோடு முடிகிறது. இலங்கையின் நிதியாண்டு அதுதான், எல்லா அலுவலகத்துக்கும் அதேதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வருடத்தின் கடைசி மூன்று மாதமும் மாரி. வேலை பழகப் பழக எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இந்த ஒரு விடயம்தான், பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட அந்தக் காசு எந்த மாதத்தில் கைக்கு வந்தது என்பது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒதுக்கீடு வந்தால் காசு வந்தது மாதிரி. உண்மையில் ஒதுக்கீடு என்பது செலவு செய்ய அனுமதி மட்டும்தான், காசாக வருவது கட்டுநிதி. கிறவல் (சரளை மண்) வீதி ஒன்றுக்கோ மதகு ஒன்றுக்கோ ஐந்து இலட்சம் என்று வருடாந்தத் திட்டத்தில் பெயர் வந்துவிடும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும்விடும். ஜனவரி, பெப்ரவரி முழுக்க அனுமதிக் கடிதங்கள் மாகாணத் தலைமையகம் இருக்கிற திருகோணமலைக்கும் எங்களுக்கும் இடையே போய் வரும். தொழினுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும், அவருக்குக் கீழே பத்துப் பதினைந்து வேலை கிடக்கும். சித்திரை வருடப்பிறப்போடு ஏப்ரல் பாதி போய்விடும். பிறகு விலைமனு, ஒப்பந்தம், அப்புறம் வேலை தொடங்கினாலும் கட்டுநிதி கேட்ட அளவுக்கு வராது, சம்பளம்தான் முதலில், அது சரிதான், ஆசிரியர்களுக்கும் தாதிமாருக்கும் சம்பளம் நிற்க முடியாது. மூலதன வேலைக்கான காசு சொட்டுச் சொட்டாக வந்து, ஒக்டோபர், நவம்பரில்தான் கொஞ்சம் கூடுதலாக வரும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் அந்த நேரம் என்ன நிலைமை என்று வவுணதீவுப் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாவியும் குளங்களும் நிறைந்து, வயலும் வீதியும் ஒரே தண்ணீராக இருக்கும். கிறவலைக் கொட்டினால் அடுத்த நாள் காணமாட்டோம். பெரும்போக விதைப்பும் அதே நேரம்தான், கூலிக்கு ஆள் எடுக்கவும் முடியாது. மார்ச் தொடக்கம் செப்டெம்பர் வரை வெயில் எரித்த அத்தனை மாதமும் கடதாசியில் போயிருக்கும்.

சிறிய வேலைகளைப் பெரும்பாலும் கிராம அபிவிருத்திச் சங்கங்கள்தான் எடுத்துச் செய்யும். அப்படி ஒரு சங்கத் தலைவர், வயதான விவசாயி, ஒரு நவம்பர் மாதம் கோப்பை உரப்பைக்குள் சுற்றிக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார். சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது, கோப்பில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பற்றுச்சீட்டு, அளவீட்டுத் தாள், படங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். மதகு பாதியில் நின்றது, மீதிக் கொங்கிறீட் போட முடியவில்லை. "தம்பி, இந்தக் காசு ஆவணியில வந்திருந்தா ரெண்டு கிழமையில முடிச்சிருப்பமே, இப்ப தண்ணிக்குள்ள என்னத்தக் கட்டுறது?" என்று கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சங்கத்தின் பெயரில் கடைக்காரரிடம் கம்பியும் சீமெந்தும் கடனுக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 31 க்குள் முடித்த அளவுக்குத்தான் பில் போட முடியும், மீதி ஒதுக்கீடு அந்த இரவோடு இல்லாமல் போகும். அடுத்த வருடத் திட்டத்தில் அந்த மதகைத் திரும்பச் சேர்க்க வேண்டும், சேர்த்தால் அடுத்த வருடத்துக்குரிய வேறொன்று வெளியே போகும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் தேடிப் பார்க்கத் தொடங்கியது புதுச்சேரியின் பட்ஜெட்டை. காரணம் எளிது. தமிழர் வாழ்கிற சின்ன நிலம், மத்தியின் கீழ் இருப்பது, வடகீழ்ப் பருவமழையும் எங்களுடையதேதான். 2011 கணக்கெடுப்பில் அங்கே சனத்தொகை 12.5 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, 2012 இல் எங்கள் கிழக்கு மாகாணத்தில் 15.5 இலட்சம். நிலப்பரப்புதான் பெரிய வித்தியாசம், அவர்களுக்கு ஏறத்தாழ 490 சதுர கிலோமீற்றர், எங்களுக்குப் பத்தாயிரத்துக்குக் கிட்ட. அந்தக் கொஞ்ச நிலமும் புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திராவுக்குள் ஏனாம் என்று நாலு துண்டு. காரைக்காலில் ஒரு வாய்க்கால் வெட்டவும் புதுச்சேரியைப் பார்த்திருக்க வேண்டும், நாங்கள் திருகோணமலையைப் பார்த்திருப்பது போல.

அவர்களின் நிதியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. மழை வருடத்தின் நடுவில் வந்து போய்விடுகிறது, அதற்குப் பிறகும் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதம் கையில் இருக்கிறது. மழையில் நின்ற மதகை அதே வருடத்துக் காசிலேயே முடிக்கலாம். எங்களுக்கு அந்த மூன்று மாதம் அடுத்த வருடத்துக்குள் போய் விழுகிறது.

ஆனால் அங்கேயும் வேறு ஒரு முடிச்சு இருக்கிறது. 1963 ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டப்படி அங்கே சட்டசபையும் முதலமைச்சரும் உண்டு, இருந்தும் பட்ஜெட்டைச் சபையில் வைப்பதற்கு முன்னமே டில்லியின் ஒப்புதல் வர வேண்டும். அது பிந்தினால் மார்ச்சில் நாலைந்து மாதத்துக்கு இடைக்கால ஏற்பாடு ஒன்றை நிறைவேற்றிவிட்டு, முழு பட்ஜெட்டை ஜூலையிலோ ஓகஸ்டிலோ வைப்பார்கள். 2020 இல் துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் இடையே இழுபறி முற்றி, வழக்கமாக முதலில் வருகிற ஆளுநர் உரைக்கு முன்பே ஜூலை 20 ஆம் திகதி 9,000 கோடி ரூபாய் பட்ஜெட் வாசிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் முதலமைச்சர் ரங்கசாமி முழு பட்ஜெட்டையே வைத்தார், 11,600 கோடி, பல வருடங்களுக்குப் பிறகு அப்படி நடந்ததால் அதுவே செய்தியானது. 2024 இல் திரும்பவும் ஓகஸ்ட், 12,700 கோடி. 2025 இல் மார்ச் 12, 13,600 கோடி. பத்திரிகைகள் கோடியைத்தான் பெரிதாகப் போடும், நான் திகதியைத்தான் பார்ப்பேன். இடைக்கால ஏற்பாட்டில் சம்பளமும் நடந்துகொண்டிருக்கிற வேலையும் ஓடும், புது வேலைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஓகஸ்டில் பட்ஜெட் வந்தால் கேள்விகோரல் (டெண்டர்) முடியும்போது மழை வாசலில் நிற்கும், அந்த நல்ல நிதியாண்டு கொடுத்த வசதியில் பாதி போய்விடும்.

எங்களுக்கும் 2025 அப்படித்தான் தொடங்கியது. ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் என்று 2024 கழிந்ததால், முதல் நாலு மாதத்துக்கு இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேறியது. வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி 17 இல் வாசிக்கப்பட்டு மார்ச் 21 இல்தான் நிறைவேறியது. 2022 ஐப் பற்றி நீட்டவே மனமில்லை. நாடு கடனைக் கட்ட முடியாதென்று ஏப்ரலில் அறிவித்த பிறகு புது வேலைகளை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தொட்டது, நாங்கள் போட்டு வைத்த மதிப்பீடுகள் ஒன்றுக்கும் உதவாமல் போயின.

புதுச்சேரிக்காரர்களிடம் இருக்கிற, எங்களிடம் இல்லாத இன்னொன்று உண்டு, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவர்களுக்குப் பட்ஜெட் பிந்தினால் எழுந்து நின்று ஏன் என்று கேட்கச் சபையில் ஆள் இருக்கிறது. எங்கள் கிழக்கு மாகாணசபைக்கு 37 உறுப்பினர்கள். அதன் காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது. புது முறையில் தேர்தல் நடத்தத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது, தேர்தல் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாகாணத்தின் காசு ஆளுநரின் ஒப்புதலோடு போகிறது. சபை இருந்த காலத்தில் கூட்டத்துக்கு முதல் உறுப்பினர்களின் கேள்விகள் எங்கள் மேசை வரை வரும், இன்ன கிராமத்து வீதிக்கு ஒதுக்கியதில் எவ்வளவு போயிருக்கிறது, ஏன் போகவில்லை என்று. இரவிரவாக இருந்து பதில் தயாரிப்போம். தொல்லையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கேள்வி வருகிற கிழமையில் பில்கள் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது கேட்பது கணக்காய்வு மட்டும்தான், அது காசு விதிப்படி செலவானதா என்று அடுத்த வருடம் கேட்கும். செலவாகாத மதகைப் பற்றி அது கேட்டு நான் பார்த்ததில்லை.

நிதியாண்டை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. இருப்பதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த வருடத் திட்டத்தில் வரப்போகிற வேலைகளுக்கு இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவதை, வெயில் இருக்கும்போதே, இந்த வருடம் செப்டெம்பருக்குள் முடித்துவிடுவது. அப்படி முடித்தால் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த கிழமையே விலைமனு கேட்கலாம். சில கிளைகளில் இதைச் செய்கிறார்கள், அங்கே சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாகிறது. மற்றது கட்டுநிதி. கிழக்குக்கு வருகிற மூலதனக் காசில் பெரும் பங்கை ஏப்ரலுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் விடுவித்தால் போதும், ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தர வேண்டியதில்லை.