எடைமேடை மென்பொருளும் எட்டு எம்பி போட்டோவும்

வேலந்தாவளம் பக்கம் ஒரு எடைமேடை. வேறு யாரோ சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த மென்பொருள். "ஏனுங்க தம்பி, மத்தியானம் வரைக்கும் நல்லா ஓடுது, அப்புறம் ஆப் பண்ணி ஆன் பண்ணாத்தான் சீட்டு வருது" என்றார் உரிமையாளர். ரேம் போட்டாச்சாம், ஆன்டிவைரஸ் மாத்தியாச்சாம்.

லாரி ஏறியதும் கேமரா ஒரு படம் எடுக்கும். டிஸ்கில் அது சில நூறு கேபி ஜேபெக்தான். ஆனால் 1920 x 1080 படத்தை ரேமில் பிட்மேப்பாக, அதாவது சுருக்காத படமாக விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம், 8 எம்பிக்கு மேல். அந்த 8 எம்பி, சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில் வேண்டாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் கண்ணிலேயே படாது. அது விண்டோஸ் பக்கம் கிடக்கிறது. சேகரிப்பானுக்குத் தெரிவது சின்ன உறை மட்டும். 'இடம் தாராளமா இருக்கே' என்று அது சும்மா இருந்துவிடும். 32 பிட் புரோகிராமுக்கு வழக்கமாக 2 ஜிபி நினைவகம்தான். படங்களை விடுவிக்காமலே இருநூற்றுச் சொச்சம் லாரி வந்தால் கதை முடிந்தது. எம்சாண்ட் சீசனில் அது ஒரு நாள் வரத்துகூட இல்லை.

மருந்து என்னவோ சி ஷார்ப்பின் ஒற்றைச் சொல்தான்: யூசிங். அதன் பிளாக் முடிந்ததும், பிடித்த நினைவகத்தை விடுவிக்கும் டிஸ்போஸ் தானாக ஓடும், நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும். ஷோடயலாக் கட்டளையில் திறக்கும் ஃபார்முக்கும் (திரையில் வரும் ஜன்னல்) அதே கவனிப்பு வேண்டும், எக்ஸ் அமுக்கி மூடினால் அது டிஸ்போஸ் ஆகாது. சேகரிப்பானை வலுக்கட்டாயமாக ஓட்டும் ஜிசி.கலெக்டை அங்கங்கே தூவி வைத்திருந்தார்கள், அதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன்.

அப்புறம் எடைக் கருவியைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட். குளோஸ் பண்ணிய கையோடு திரும்ப ஓப்பன் பண்ணாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். மூடி முடிக்க அதற்கு நேரம் வேண்டும்.