மின்னூலைப் பார்த்துச் சீட்டு வித்தை: ஏழு மாத அனுபவம்

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரே நாளில் பதினோரு மின்னூல்களை இறக்கி வைத்தேன். ஏழு சீட்டு வித்தைக்கு, நான்கு மென்டலிசம் என்கிற மனதைப் படிக்கும் வித்தைக்கு. முதல் மூன்று வாரம் படித்துக்கொண்டே இருந்தேன், ஒரு ரகசியம் தெரிந்ததும் அடுத்த பக்கம், அது தெரிந்ததும் அதற்கடுத்த பக்கம் என்று. மூன்று வாரம் கழித்துக் கையில் ஒரு வித்தைகூட இல்லை. அப்புறம் ஒரே ஒரு நூலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேறு கோப்புறைக்கு மாற்றினேன். உருப்படியாகத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

எந்த நூலில் தொடங்குவது என்பதிலும் ஒரு தவறு செய்தேன். எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் ஒருவர் 1902-இல் எழுதிய நூல் இந்தத் துறையில் எல்லாரும் மதிக்கிற ஒன்று, பழையது என்பதால் இலவசமாகவே கிடைக்கிறது, எழுதியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அந்தக் கதைக்காகவே அதை முதலில் எடுத்தேன். அது சூதாட்ட மேசையில் செய்யும் கைவேலையிலிருந்து தொடங்குகிறது, புதியவருக்கு அது ஏறாது. சீட்டுக் கலைக்கவே கை பழகாதவர்கள் அதைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கல், சீட்டுக்கட்டைப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும், போனில் பக்கத்தைத் தள்ள விரல் இருக்காது. படம் ஒரு பக்கத்திலும் விளக்கம் அடுத்த பக்கத்திலும் இருந்தால் இன்னும் மோசம். நான் கண்ட வழி, அந்தப் பத்தியை நானே மெதுவாக வாசித்துப் போனில் பதிவு செய்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கையால் செய்வது. ‘இடது சுண்டுவிரல் மேலிரண்டு சீட்டுக்குக் கீழே’ என்று காதில் விழ விழக் கை தானாகப் போகும். இரண்டு சீட்டை ஒன்றுபோல் திருப்பிக் காட்டும் டபுள் லிஃப்ட் எனக்கு இப்படித்தான் வந்தது, ஐந்து வாரம் ஆனது. கண்ணாடி முன்னால் பழகியபோது சரியாகத்தான் தெரிந்தது, வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் சீட்டைத் திருப்பும் அந்த நொடியில் ஒவ்வொரு முறையும் கண் சிமிட்டுகிறேன் என்று தெரிந்தது. கண்ணாடியில் அது தெரியவே தெரியாது, அந்த நொடியில் நம் கண்தான் மூடியிருக்கிறதே!

முதலில் ஆள் முன்னால் செய்து காட்டியது சாவிச் சீட்டு வித்தை. கட்டின் அடிச்சீட்டை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் தான் எடுத்த சீட்டை மேலே வைத்துக் கட்டை வெட்டினால், நாம் பார்த்த சீட்டு அவருடைய சீட்டின் தலையில் போய் உட்காரும். பிறகு எத்தனை முறை வெட்டினாலும் வரிசை மாறாது. அக்கா மகளிடம் செய்தேன், அவள் ஆசை ஆசையாக நான்கு முறை வெட்டினாள். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே போகிறேன், என் சீட்டு வரவே இல்லை, ஐம்பத்திரண்டாவதாகத்தான் வந்தது. அவளுடைய சீட்டு முதலிலேயே வந்து அடியில் கிடந்தது. ‘சித்தி, என் சீட்டு எப்பவோ போயிடுச்சு’ என்றாள். நூலைத் திறந்து பார்த்தால் அது அங்கேயே இருக்கிறது, ஒரே வரி: வெட்டி முடித்ததும் அடிச்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள், அது சாவிச் சீட்டாக இருந்தால் மேல்சீட்டுதான் விடை. வெட்டு சரியாக அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் விழுந்தால் ஒன்று அடிக்கும் மற்றது மேலுக்கும் போய்விடும், அவ்வளவுதான் காரணம். அந்த வரியை நான் இரண்டு முறை படித்துத் தாண்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு படிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். கை என்ன செய்ய வேண்டும் என்கிற வரிகளை எல்லாரும் கவனமாகத்தான் படிக்கிறோம். ‘இங்கே சற்று நிறுத்து’, ‘அவர் முகத்தைப் பார்’, ‘இதைக் கேள்’ என்கிற வரிகளைத்தான் விட்டுவிடுகிறோம். அவற்றை மட்டும் மஞ்சளில் குறித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். குறுக்குவெட்டு என்ற மிக எளிய முறை அப்போதுதான் புரிந்தது. நாம் கொடுக்க நினைக்கும் சீட்டு மேலே இருக்கும். அவர் மேல்பாதியை வெட்டி மேசையில் வைப்பார், நாம் மீதிப் பாதியை அதன்மேல் குறுக்காக வைப்போம். பிறகு குறுக்காக வைத்த பாதியைத் தூக்கி ‘நீங்கள் வெட்டிய இடம் இது’ என்று காட்டினால் அவர் எடுப்பது முதலிலிருந்தே மேலே இருந்த அதே சீட்டு. உடனே தூக்கினால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். நடுவில் அரை நிமிடம் வேறு எதையாவது பேசினால் எந்தப் பாதி எங்கே இருந்தது என்பது மறந்துபோகும்.

இந்த இடத்தில்தான் சீட்டும் மென்டலிசமும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. மென்டலிசத்தில் ‘ஒன்று முன்னால்’ என்றொரு பழைய முறை உண்டு. மூன்று கேள்வி, மூன்று துண்டுச்சீட்டு, ஒவ்வொரு விடையையும் அவர் சொல்வதற்கு முன்பே எழுதிவிட்டதாகக் காட்ட வேண்டும். முதல் துண்டில் கடைசிக் கேள்வியின் விடையை எழுதிவிட வேண்டும், இரண்டாவதில் முதல் கேள்விக்கு அவர் சொன்ன விடை, மூன்றாவதில் இரண்டாம் கேள்வியின் விடை. கடைசி விடை மட்டும் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் குறுக்குவெட்டு. கட்டை முதலிலேயே வெட்டச் சொல்லி, குறுக்காக வைத்து, ‘இதைக் கடைசியில் பார்ப்போம்’ என்று ஓரமாக விட்டுவிட்டு மற்ற இரண்டு கேள்விகளுக்குப் போனேன். அரை நிமிட இடைவெளிக்குப் பதில் ஐந்து நிமிடம் கிடைத்தது.

ஒரு தோழியிடம் செய்து காட்டியபோது வேறொன்றில் மாட்டினேன். முதல் கேள்வி சிறுவயதுத் தோழியின் பெயர், இரண்டாவது ஓர் இரண்டு இலக்க எண். எண்ணை எழுதுவதாகச் சொல்லிவிட்டு நீளமான ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். ‘ரெண்டு நம்பருக்கு இவ்வளவு நேரமா?’ என்றாள். பேனா காகிதத்தில் ஓடும் நேரம் நாம் எழுதுவதாகச் சொல்வதோடு பொருந்த வேண்டும், இதை நான் படித்த எந்த நூலும் சொல்லவில்லை. இப்போது இரண்டு கேள்வியையும் பெயராகவே வைத்துக்கொள்கிறேன், ஆள் பெயர் ஒன்று, ஊர் பெயர் ஒன்று. சந்தேகமே வரவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். யாரைப் பார்த்தாலும் பொருந்துகிற மாதிரி குணம் சொல்வதற்கு மென்டலிச நூல்களில் தனிப்பகுதியே இருக்கும். அதை ஒருவரிடம் செய்தபோது அவர் கண் கலங்கித் தன் வேலை பற்றி நிஜமாகவே யோசனை கேட்டார். இது வித்தை, எனக்கு எதுவும் தெரியாது என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பகுதியை மறுபடி திறக்கவில்லை.

கட்டை முன்பே ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கி வைக்கும் ஸ்டெபின்ஸ் அடுக்கு பத்து நாளில் வாயில் வந்துவிட்டது. ஒவ்வொரு சீட்டும் முந்தியதைவிட மூன்று கூடுதல், ஜாதி கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமண்ட் என்று சுற்றி வரும். அவர் சீட்டை எடுத்த இடத்தில் கட்டை வெட்டி அடியில் பார்த்தால் இஸ்பேட் ஆறு, அப்படியென்றால் அவர் கையில் டைமண்ட் ஒன்பது. ஜாக்கி, ராணி, ராஜா வரும்போதுதான் இன்னும் அரை நொடி தடுமாறுகிறேன்.

இப்போது பழகுவது ஃபாரோ கலைப்பு. சரியாக இருபத்தாறு இருபத்தாறாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, மேல்சீட்டும் அடிச்சீட்டும் அதே இடத்தில் இருக்கும்படி எட்டு முறை செய்தால் கட்டு பழைய வரிசைக்கே திரும்பிவிடும். இதுவரை பிசகாமல் தொடர்ந்து மூன்று முறை வந்திருக்கிறது. பழைய கட்டின் ஓரம் தேய்ந்து சீட்டுகள் இரண்டிரண்டாக ஒட்டுகின்றன, புதுக் கட்டு பிரித்துவிட்டேன்.